இழுவை, சுமை, காட்டுப் பாதை: ஒரே பிக்கப் டிரக்கில் மூன்று வேலை

நடுத்தர அளவுள்ள பிக்கப் டிரக்குகளின் விளம்பரத் தாள்களை வரிசையாக விரித்து வைத்தால், டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், ஃபோக்ஸ்வேகன் அமராக் என எதை எடுத்தாலும் உச்ச இழுவைத் திறன் 3,500 கிலோ என்றே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். எல்லா வண்டிக்கும் ஒரே எண் என்றால் அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனாலும் வாங்க வருபவர் முதலில் கேட்பதும் விற்பவர் முதலில் சொல்வதும் அதைத்தான். ஒன்றே முக்கால் டன் எடையுள்ள சிறிய பொக்லைனை டிரெய்லரில் ஏற்றி இழுப்பது, கல்லும் மண்ணும் மரமும் சுமப்பது, வேலையிடம் தார்ச்சாலையை விட்டு வெகுதூரம் உள்ளே இருந்தாலும் போய்ச் சேர்வது என்று மூன்றுக்கும் ஒரே வண்டியை நம்பியிருப்பவன் நான். இந்த வண்டிகளை நான் வேறோர் எண்ணிலிருந்து பார்க்கத் தொடங்குகிறேன்.

அந்த எண் வண்டியின் சொந்தச் சுமைத்திறன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் வில்லையிலோ, சேசிஸில் அறைந்திருக்கும் தகட்டிலோ, வண்டியும் அதன் மீதுள்ள அனைத்தும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருக்கும், அதை ஜி.வி.எம். என்பார்கள். அதிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் சுமைத்திறன். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து தாண்டக் கூடாத வரம்பு தனியாக உண்டு, அது ஜி.சி.எம். இந்த இரண்டு வரம்புகளையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பார்க்காமல் எந்த பிக்கப்பையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைச் செய்தே காட்டுகிறேன். இந்த வகுப்பில் வழக்கமாகக் காணப்படும் எண்களையொட்டி, வெற்று எடை 2,150 கிலோ, ஜி.வி.எம். 3,100 கிலோ, ஜி.சி.எம். 5,900 கிலோ என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். சுமைத்திறன் 950 கிலோ. இழுவைத் திறன் விளம்பரத்தில் உள்ளபடி 3,500 கிலோ. இப்போது உண்மையிலேயே 3,500 கிலோ டிரெய்லரை மாட்டினால், ஜி.சி.எம்.மில் வண்டிக்கென மிஞ்சுவது 2,400 கிலோ மட்டுமே. வெற்று எடை போக மீதம் 250 கிலோ. பெரியவர்கள் நான்கு பேர் ஏறினாலே அது தீர்ந்துவிடும். இரும்பு முன்தடுப்பு, பின்புறச் சுமைத் தொட்டிக்கு மேல்மூடி, கருவிப்பெட்டி எதற்கும் இடமில்லை. மாறாக வண்டியை அதன் முழு வரம்பான 3,100 கிலோ வரை நிரப்பினால், டிரெய்லருக்குக் கிடைப்பது 2,800 கிலோ. விளம்பரத்தில் உள்ள இரண்டு உச்சங்களும் தனித்தனியே உண்மைதான். இரண்டையும் ஒரே பயணத்தில் கேட்க முடியாது.

இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். டிரெய்லரின் எடையில் ஒரு பகுதி கொக்கியின் வழியாக வண்டியின் மீதே அமர்கிறது. பந்துக் கொக்கியில் மாட்டும் டிரெய்லர்களுக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. தொட்டிக்குள் பின் அச்சுக்கு நேர் மேலே மாட்டும் ஐந்தாம் சக்கர வகைக்கு 15 முதல் 25 விழுக்காடு வரை போகலாம். 3,500 கிலோ டிரெய்லருக்குப் பத்தில் ஒரு பங்கு என்றாலும் 350 கிலோ. அது முழுவதும் வண்டியின் சுமைத்திறனிலிருந்து கழியும்.

அந்த 350 கிலோ எந்த இடத்தில் தொங்குகிறது என்பது அதன் அளவைவிட முக்கியமானது. கொக்கி, பின் அச்சுக்கு ஒன்றே கால் மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் பின் அச்சுகளுக்கு இடைவெளி 3.1 மீட்டர். துலாக்கோலின் கணக்குப்படி, பின் அச்சின் மீது 350 அல்ல, ஏறத்தாழ 490 கிலோ ஏறுகிறது. அந்த மிகை 140 கிலோ முன் அச்சிலிருந்து பிடுங்கப்படுகிறது. வண்டியைத் திருப்புவதும் நிறுத்தத்தின்போது பெரும்பங்கு பிரேக் பிடிப்பதும் முன் சக்கரங்கள்தாம் என்பதால், பின்பக்கம் தாழ்ந்து முகப்பு தூக்கிக்கொண்டு போகும் ஒரு பிக்கப், எஞ்சின் எவ்வளவு வலுவாக இருந்தாலும், பாதுகாப்பான வண்டி அல்ல. எடையைப் பகிரும் கொக்கி அமைப்பு அந்த 140 கிலோவில் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் திருப்பித் தரும். ஆனால் எல்லா வண்டித் தயாரிப்பாளர்களும் அதை அனுமதிப்பதில்லை என்பதால் கையேட்டைப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

கொக்கிச் சுமை குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். மாட்டு வண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வதை இங்கே நினைவுகூர வேண்டும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி வண்டி மாட்டுக்கு அடங்காது. டிரெய்லருக்கும் அதே நியாயம்தான், வேகம் மட்டும் பல மடங்கு. ஒருமுறை பொக்லைனை இறக்கும் வசதிக்காகப் பின்புறமாக ஏற்றினேன். அதன் எஞ்சினும் எதிர்எடையும் இருக்கும் கனமான பகுதி டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போய்விட்டது. சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓர் இறக்கத்தில் வேகம் 80 கிலோமீட்டரை நெருங்கியபோது டிரெய்லர் வால் போல இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போனது. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, வண்டியின் பிரேக்கைத் தொடாமல், டிரெய்லருக்கு மட்டும் பிரேக் கொடுக்கும் கைவிசையை மெல்ல அழுத்தியதால் வண்டி நேரானது. அந்தக் கைவிசை இல்லாத டிரெய்லராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. அன்றிலிருந்து டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டை நான் கூடுதல் வசதியாகக் கருதுவதில்லை. எஞ்சினுக்குச் சமமாக வைத்துப் பார்க்கிறேன். வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறதோ அதற்கு ஈடாக டிரெய்லர் பிரேக்கை அழுத்தும் விகிதாசார வகை, எப்போதும் ஒரே அளவில் அழுத்தும் மலிவு வகையைவிட எல்லா வகையிலும் மேலானது. தொழிற்சாலையிலிருந்தே அது பொருத்தி வரும் வண்டிக்கு நான் தயங்காமல் முன்னுரிமை கொடுப்பேன்.

எஞ்சினைப் பொறுத்தவரை, இன்றைய நடுத்தர டீசல் பிக்கப்புகள் எதுவும் சோடை போகவில்லை. ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் ஆட்டோமேட்டிக் கியருடன் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. டி-மேக்ஸின் 3 லிட்டர் எஞ்சின் 450 தருகிறது. ரேஞ்சரிலும் அமராக்கிலும் கிடைக்கும் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் 600 வரை போகிறது. தாளில் டி-மேக்ஸ் பின்தங்கியது போலத் தெரிந்தாலும், நிமிடத்துக்கு 1,600 சுழற்சியிலேயே முழு முறுக்குவிசையும் கைக்கு வந்துவிடுவதால் இரண்டரை டன் வரை அந்தக் குறை உணரப்படுவதில்லை. மூன்று டன்னைத் தாண்டி, நீண்ட ஏற்றங்களில் அடிக்கடி இழுப்பவருக்கு ஆறு சிலிண்டரின் நிதானம் கியர் மாற்றத்திலேயே தெரியும். நான்கு சிலிண்டர் வண்டி இரண்டு கியர்களுக்கிடையே மாறி மாறித் தடுமாறும் ஏற்றத்தில் அது ஒரே கியரில் ஏறிவிடும். காற்று மெலிந்த உயரமான மலைகளில், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றலை இழக்கும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டர்போ எஞ்சின் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும்.

எஞ்சினின் வலுவைவிட அதன் வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் இழுவையில் முதலில் தோற்கும். இதைச் சோதிக்க அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. பொறியாளர் அமைப்பு ஜே2807 என்ற நெறிமுறையை 2008-இல் வெளியிட்டது. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தன் இழுவை எண்ணைத் தானே வகுத்துக்கொண்டிருந்தது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து ஏறும் 18 கிலோமீட்டர் மலைச்சாலையை, 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழு அளவில் இயக்கியபடி, முழுப் பாரத்துடன், வரையறுத்த வேகத்துக்குக் கீழே போகாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்பது அதன் கடினமான பகுதி. 2011-ஆம் ஆண்டு மாடல்களிலேயே இதை முதலில் ஏற்றது டொயோட்டா; ஃபோர்டு, ஜி.எம்., ராம் ஆகியவை பின்னரே வந்தன. ஒரு டிரக்கின் இழுவை எண் இந்த நெறிமுறையின்படி வந்ததா என்று கேட்பது பயனுள்ள கேள்வி. இரு வண்டிகளை உண்மையில் ஒப்பிட முடிவது அப்போதுதான்.

இனி சுமப்பது. இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றின் தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் இருந்தால், கொள்ளளவு 1.1 கன மீட்டர். ஈர மணல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் எடை பிடிக்கும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் 2 டன்னுக்கு மேல் போகும். பாதி நிரப்பினாலே பெரும்பாலான வண்டிகளின் வரம்பு தாண்டிவிடும். விறகு, வைக்கோல் போன்றவற்றில் தொட்டி முதலில் நிறையும், மண்ணிலும் கல்லிலும் வரம்பு முதலில் நிறையும். இதைக் கண்ணால் அளக்க முடியாது.

இங்கேதான் கேபின் வடிவம் முடிவைத் தீர்மானிக்கிறது, வாங்குபவர்கள் இதற்குப் போதிய கவனம் கொடுப்பதில்லை. ஒற்றைக் கேபின் வண்டியின் தொட்டி நீளமானது. அதன் நடுப்பகுதி பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழுவதால் பாரம் இரு அச்சுகளுக்கும் பகிரப்படுகிறது. இரட்டைக் கேபினில் பின்னிருக்கை இடத்தைப் பிடித்துக்கொள்ள, தொட்டியின் பெரும்பகுதி பின் அச்சுக்கு மேலும் பின்னாலும் தள்ளப்படுகிறது. அதே வண்டி, அதே எஞ்சின், அதே எடை என்றாலும் சுமக்கும் விதம் வேறாகிவிடுகிறது. பின்பக்கம் தாழ்வதைத் தடுக்க ஸ்பிரிங்குக்கும் சேசிஸுக்கும் இடையே காற்றுப் பைகளைப் பொருத்திக்கொள்வோர் பலர் இருக்கிறார்கள். அது முகப்பைச் சமன்செய்தாலும், ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் பிரிந்து இறங்க வேண்டிய பாரத்தைச் சேசிஸின் ஒரே புள்ளியில் குவிக்கிறது. மேடு பள்ளத்தில் கொக்கிச் சுமையோடு ஓடும்போது சேசிஸ் அந்தப் புள்ளியில் வளைந்துபோவது உண்டு. காற்றுப் பை வரம்பை உயர்த்தாது. வரம்பு மீறியதை மறைக்கும்.

லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்லும் லீஃப் ஸ்பிரிங்தான் பாரத்துக்கு ஏற்றது என்பதில் இன்னும் மாற்றமில்லை. வெற்று வண்டியில் குதிக்கும். அரை டன் ஏற்றியதும் அடங்கும். சுருள் ஸ்பிரிங் சொகுசானது, கரடுமுரடான பாதையில் சக்கரத்தை நிலத்தோடு ஒட்டி வைப்பது. ஆனால் அதைக் கொண்ட வண்டிகள் பெரும்பாலும் சுமைத்திறனில் எதையாவது விட்டுக்கொடுத்திருக்கும். இதற்கு மிகத் தெளிவான சான்று ரேஞ்சர் ராப்டர். பின்புறம் சுருள் ஸ்பிரிங், ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர்கள், ஒரு சக்கரம் வழுக்கினாலும் அதே அச்சின் மறு சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றும் டிஃபரென்ஷியல் பூட்டு முன்னும் பின்னும் என்று மேடு பள்ளத்தில் வேகமாகப் பாய்வதற்கென்றே உருவாக்கப்பட்ட வண்டி அது. அதன் விலையாக இழுவைத் திறன் 3,500-இலிருந்து 2,500 கிலோவாகவும், சுமைத்திறன் வழக்கமான ரேஞ்சரைவிடப் பல நூறு கிலோவாகவும் குறைந்திருக்கிறது. வண்டி மிகச் சிறப்பானது; என் வேலைக்கு ஆகாது. என் டிரெய்லர், பொக்லைன், அதன் வாளிகள் எல்லாம் சேர்ந்து 2,500 கிலோ. கொக்கிச் சுமை 250. ஆட்கள், டீசல் கேன், கருவிகள், பொருத்திய இரும்புகள் என்று இன்னும் 450. மொத்தம் 700 கிலோ வண்டியின் மீது நிற்கிறது. ராப்டரில் அதற்குப் பிறகு ஒரு மூட்டைக்கு இடமிருக்காது.

ஜீப் கிளாடியேட்டர் ரூபிகானும் அதே பாடத்தை இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறது. வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் லோ ரேஞ்ச் கியரின் விகிதம் அதில் 4:1. மற்ற பிக்கப்புகளில் வழக்கமாக இருப்பது இரண்டரை. 2024 மாடல் வரை கிடைத்த கைக்கியரில் முதல் கியர் 5.13, லோ ரேஞ்ச் 4, அச்சு விகிதம் 4.10, மூன்றையும் பெருக்கினால் 84 வருகிறது. அதாவது எஞ்சின் 84 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். பாறைகள் மீது ஒரு சாண் ஒரு சாணாக, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஏற இதைவிடப் பொருத்தமான பிக்கப் தொழிற்சாலையிலிருந்து வருவது அரிது. இரு அச்சுகளிலும் பூட்டு, வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் முன் ஸ்வே பாரை ஒரு விசையால் விடுவிக்கும் வசதி எல்லாம் உண்டு. ஆனால் சுமைத்திறன் பாதி டன்னைச் சற்றே தாண்டுகிறது. தொட்டிக்காக அச்சு இடைவெளியை 3.49 மீட்டராக நீட்டியதால், முன்புறம் 43 டிகிரி மேட்டை எதிர்கொள்ளும் இந்த வண்டி, நடுவயிறு தட்டும் கோணத்தில் 20 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. முகடுகளைத் தாண்டும்போது வயிறு தட்டும்.

நான்கு சக்கர இயக்கத்தின் வகையைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் முன் அச்சை இணைக்கும் வகை. முன் பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாததால், காய்ந்த தார்ச்சாலையில் அதை இணைத்தபடி திருப்பினால் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிப் பல்லிணைகளைச் சேதப்படுத்தும். ஈரமான தார், உலர்ந்த தார், மீண்டும் ஈரம் என்று மாறி வரும் சாலையில் கனமான டிரெய்லரோடு போகும்போது இது உண்மையான குறை. மிட்சுபிஷி டிரைட்டனின் சூப்பர் செலக்ட் அமைப்பும், ஆறு சிலிண்டர் ரேஞ்சரின் தானியங்கி நிலையும் எந்தச் சாலையிலும் நான்கு சக்கரங்களை இயக்க விடுகின்றன. நனைந்த புல் சரிவிலிருந்து டிரெய்லரை மேலே இழுக்கும் ஒருநாள் போதும், இதன் மதிப்பு விளங்க. லோ ரேஞ்ச் என்பதும் சேற்றுக்கு மட்டுமானதல்ல. செங்குத்தான இடத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி நகர்த்தும்போது கிளட்சையும் கியர் பெட்டியையும் காப்பது அதுதான்.

வண்டி இறங்கிக் கடக்கக்கூடிய நீரின் ஆழம் ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர், டி-மேக்ஸுக்கும் ரேஞ்சருக்கும் 800. வேறுபாடு பெரிதல்ல, நீரின் ஓட்டம் அதைவிட முக்கியம்.

டயரைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மூன்று வேலைகளும் அங்கேதான் மோதிக்கொள்கின்றன. டயரின் பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீடு 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 120 என்றால் 1,400. சுமைக்கும் கல் பாதைக்கும் தடித்த பக்கச்சுவருள்ள இலகு டிரக் வகையே சரி. அது வெற்று வண்டியில் கடினமாக உதைக்கும், எரிபொருளும் கூடுதலாகக் கேட்கும். மணலில் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் நீண்டு படர்ந்து மிதக்கும்; ஆனால் அதே காற்றோடு பாரமேற்றித் தார்ச்சாலைக்கு வந்தால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். ஆகவே காற்றடிக்கும் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்க வேண்டும். தோற்றத்துக்காகப் பத்தில் ஒரு பங்கு பெரிய டயரைப் போடுகிறவர்கள், அச்சு விகிதத்தை அதே அளவுக்குப் பலவீனமாக்குகிறார்கள் என்பதை உணர்வதில்லை. இழுவை, பிரேக் திறன், எரிபொருள் சிக்கனம் மூன்றும் ஒன்றாகக் குறையும்.

நான்கு டன்னுக்கு மேல் இழுக்க வேண்டியவருக்கு நடுத்தர வண்டிகள் விடையல்ல. 2015 மாடலிலிருந்து அலுமினிய உடல் கொண்ட ஃபோர்டு எஃப்-150, தகுந்த எஞ்சினும் இழுவைத் தொகுப்பும் சேர்ந்தால் 6,000 கிலோவைத் தாண்டும். அதன் ஹைப்ரிட் வகை 7.2 கிலோவாட் வரை மின்சாரமும் தருவதால் வேலையிடத்தில் ஜெனரேட்டர் தேவைப்படாது. பின்புறம் சுருள் ஸ்பிரிங் கொண்ட ராம் 1500 அதைவிட மென்மையாக ஓடும், சுமையில் சற்று முன்னதாகத் தாழும். குறுகிய காட்டுப் பாதையில் இரண்டுமே அகலத்தால் தவிக்கும். மறுபக்கம், தனிச் சேசிஸ் இல்லாமல் கார் போலக் கட்டப்பட்ட ஹோண்டா ரிட்ஜ்லைன் 2,268 கிலோவும், ஃபோர்டு மேவரிக் இழுவைத் தொகுப்புடன் 1,814 கிலோவும் இழுக்கும்; படகோ சிறு டிரெய்லரோ வைத்திருப்பவருக்கு அவை போதும். மின்சார பிக்கப்புகளின் இழுவிசையில் குறையில்லை, ஆனால் பெரிய டிரெய்லரை மாட்டியதும் ஓடும் தூரம் ஏறத்தாழ பாதியாகிறது. டிரெய்லரைக் கழற்றாமல் மின்னேற்றும் இடங்கள் பெருகும்வரை நான் அவற்றைத் தொலைதூர இழுவைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் அளவுக்கு, அதாவது இரண்டரை டன் டிரெய்லர், பாதி நாட்கள் கல்லும் மண்ணும், வாரத்தில் சில நாட்கள் காட்டுப் பாதை என்ற அளவுக்கு, ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடைப்பட்ட நீட்டித்த கேபினும் பின்புற டிஃபரென்ஷியல் பூட்டும் உள்ள டி-மேக்ஸே நான் முதலில் எடுக்கும் வண்டி. தொட்டி நீளம், பட்டை ஸ்பிரிங், அவசரப்படாத எஞ்சின் மூன்றும் அதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. பாரம் மூன்று டன்னைத் தொடுமானால் ஆறு சிலிண்டர் ரேஞ்சருக்கு மாறுவேன். ஹைலக்ஸின் அச்சு இடைவெளி 3,085 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால் நெருக்கமான திருப்பங்களில் அது வசதியானது. அதே குறுக்கம் கனமான டிரெய்லருக்கு முன்னால் அதன் நிதானத்தைக் குறைக்கிறது என்பதால் அதை மூன்றாவதாக வைக்கிறேன்.

எந்த வண்டியானாலும் பணம் கட்டுவதற்கு முன், விற்பவரின் சம்மதத்தோடு சொந்த டிரெய்லரையும் வழக்கமான பாரத்தையும் மாட்டி எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் முன் அச்சை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டியை ஏற்றி ஒன்று, கடைசியாக டிரெய்லரோடு சேர்த்து ஒன்று. டிரெய்லரைக் கழற்றிவிட்டு முன் அச்சை மறுபடியும் நிறுத்தி நான்காவது சீட்டையும் வாங்கினால், கொக்கி முன் சக்கரங்களிலிருந்து எத்தனை கிலோவைப் பிடுங்குகிறது என்பது நேரடியாகத் தெரிந்துவிடும். நான்கு சீட்டுகளையும் கதவுச் சட்டத்து வில்லையின் அருகே பிடித்துப் படித்த பிறகு, விளம்பரத் தாளைத் திறக்கும் தேவையே எனக்கு இதுவரை வந்ததில்லை.